மூன்று குப்பிகளுக்கு நான் மாப்பிள்ளை பார்த்த கதை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

உன் அப்பா ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தாயாரும் மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாரும் நலமாக இருக்கிறோம். அங்கு நீயும், உன் கைடு அம்மாளும், உங்கள் இருவர் பொறுப்பில் இருக்கும் ஈக்கள் அனைத்தும் குறைவின்றி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மின்சாரமும் அப்படியே. உன் தாயாரின் முழங்கால் வலி முன்பு இருந்த நிலையிலேயே உள்ளது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், வலி மாறவில்லை.

நிற்க. இப்படி எழுதிவிட்டு நானே எழுந்து போய் ஜன்னல் ஓரம் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வரி வர மாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். உன் தாயார் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் என்பதை மறந்துவிடாதே. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினாலும், அந்தப் பக்கம் நீ என்ன பதில் சொன்னாய் என்பது வரை சமையலறையில் இருக்கும் அவளுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் கடிதம். இதை நீ தனியாக உட்கார்ந்து படி. அறைத் தோழி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஏதாவது வாங்கி வரச் சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் இருபதாம் தேதி உன் கைடு அம்மாள் முந்நூறு பேர் கூடியிருக்கும் சபையில் எழுந்து நின்று, பிள்ளை பெற முடியாத ஆண் ஈக்களுக்கு என் மாணவி பிள்ளை பிறக்க வைத்துவிட்டாள் என்று சொல்லப் போகிறார். அவரைத் தடுத்து நிறுத்து. காலில் விழுந்தாவது நிறுத்து. அந்தப் பிள்ளைகளைப் பிறக்க வைத்தது நீ இல்லை. நான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வரிசையாகச் சொல்கிறேன். முதலில் என் கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று ஐந்து வருஷமாக நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. "பழ ஈ" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொள்வேன். மீதி வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிடும். மாடி வாத்தியார் அதைப் பூச்சிமருந்து ஆராய்ச்சி என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, ஒரு மாதிரி இருமினேன். அவர் போய் முனைப் பழக்கடைக்காரரிடம் சொல்ல, அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுகிட்டச் சொல்லி ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் கொடுங்க சார், வாழைப்பழத்துல என்னமா மொய்க்குது பாருங்க!" கண்டுபிடிப்பு இன்னும் முடியலைன்னு சொல்லி அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். அந்த மனுஷன் பாவம், அஞ்சு வருஷமா எனக்கு மட்டும் அடிபடாத பழமாப் பொறுக்கிக் கொடுக்கிறார். மீதிச் சில்லறையை நான் வாங்கிக்காமலே வந்துடுவேன்.

உங்க ஆய்வுக்கூடத்துல குளிர் அறை மெஷின் பழுதாகி, ஆளாளுக்கு அவங்கவங்க ஈயை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு கைடு அம்மா சொன்ன அன்னிக்கு எனக்குப் பாதி உயிர் போச்சு. தட்டு நிறையக் கண்ணாடிக் குப்பி, ஒவ்வொண்ணுக்கும் பஞ்சு அடைப்பு, அடியில மக்காச்சோள மாவும் சர்க்கரைப்பாகும் ஈஸ்ட்டும் காய்ச்சி ஊத்தின கூழு, அது மேல ஈ. அதைக் கொண்டுவந்து நான் தினசரி பேப்பர் படிக்கிற அறையிலேயே ஷெல்ஃப்ல அடுக்கினே. சரி, போகட்டும். அப்புறம் பெரிய மைக்ரோஸ்கோப் இருக்கிற ஊருக்குப் பத்து நாள் போகணும், அதுக்குள்ள ஒரு முக்கியமான சோதனை நடந்தாகணும், அம்மா நீங்க பார்த்துக்கோங்கன்னு உங்கம்மாவை உட்கார வெச்சுப் பாடம் எடுத்தே பாரு, அந்த வெள்ளிக்கிழமை, நான் பேப்பருக்குப் பின்னாடியேதான் இருந்தேன். ஒரே டெண்டர் விளம்பரத்தை நாப்பது நிமிஷம் படிச்சேன். இன்னிக்குக் கேட்டாலும் சொல்லுவேன், முப்பது தெருவிளக்குக் கம்பம், துருப்பிடிக்காத இரும்பு.

எனக்கு ஒண்ணும் புரியலைன்னு நினைச்சுக்காத. எல்லாம் புரிஞ்சுது, அதுதான் கஷ்டமே. ஆண் ஈ வயித்துக்குள்ள ஒரே பையில அறுபத்துநாலு அணு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வளருதுன்னு சொன்னே. வால் நீண்டு நீண்டு கிட்டத்தட்ட ரெண்டு மில்லிமீட்டர் ஆகுமாம், ஈயே மொத்தம் மூணு மில்லிமீட்டர்தான், கேட்டதும் உங்கம்மா "அடியாத்தி"ன்னா. அப்புறம் ஆக்டின் அப்படின்னு ஒரு இழை, அது அறுபத்துநாலு தலைப்பக்கமும் கூம்பு கூம்பாக் கூடி, அறுபத்துநாலு கூம்பும் வரிசை பிசகாம ஒண்ணா நகர்ந்து வால் நுனி வரைக்கும் போகும், போற வழியில வேண்டாத கசடை எல்லாம் முன்னால தள்ளிக்கிட்டே போகும், பின்னால ஒவ்வொரு அணுவுக்கும் தனித்தனியா உறை அமைஞ்சுடும், கடைசியில கசடெல்லாம் ஒரு மூட்டையாச் சேர்ந்து வெளியே போயிடும், ஒரே போர்வைக்குள்ள படுத்திருந்த அறுபத்துநாலு பேரும் ஆளுக்கொரு போர்வையோட எழுந்து வந்தாப்புல ஆயிடும்னு சொன்னே. அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள அவ்வளவு வேலையான்னு எனக்கே பேப்பர் கீழ இறங்கிடுச்சு. ஆனா நீ வளர்க்கிற ஈக்கு ஒரு புரதம் இல்ல. அதனால கூம்புங்க வரிசை கலைஞ்சு ஒண்ணு முன்னால ஓடுது, ஒண்ணு நடுவழியில நிக்குது, கடைசியில ஒரு அணுவும் தனியாப் பிரியறதில்ல. பிள்ளை கிடையாது.

அப்ப நீ ஒண்ணு சொன்னே. "வெளியில பார்த்தா அந்த ஆண் ஈ ரொம்ப நல்லாத்தாம்மா இருக்கு. பறக்குது, சாப்பிடுது, பொண்ணு பின்னாடி சுத்துது. உள்ளதான் கோளாறு. பாவம், அதுக்கே தெரியாது." அந்த இடத்துல என் பேப்பர் ஆடிச்சு. காத்துன்னு சொல்லிட்டு எழுந்து வெளியே போயிட்டேன். அதனால அதுக்கப்புறம் நீ உங்கம்மாவுக்குச் சொன்ன மீதி விதிமுறை எதுவும் என் காதுல விழல. எனக்கு மனசுல நின்னது நீ முதல்ல சொன்னது மட்டும்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு குப்பியில நல்ல ஆண் ஈ, அதுல புழு வந்தே தீரும். நாலு, அஞ்சு, ஆறுல கோளாறு ஈ, வரவே வராது. ஏழு, எட்டு, ஒன்பதுலயும் கோளாறு ஈதான், ஆனா இல்லாத புரதத்தை நீ திரும்பக் கொடுத்திருக்கே. எல்லாத்துலயும் மூணு ஆண், ஆணையே பார்க்காத பொண்ணு ஈயா அஞ்சு. ஏழு, எட்டு, ஒன்பதுல புழு வந்தா உன் அஞ்சு வருஷம் ஜெயிச்சுது, வரலைன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சனிக்கிழமை காலையில கிளம்பும்போது அதைச் சொல்லிட்டு நீ சிரிச்சே. சிரிப்பு உதட்டுல மட்டும்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை உங்கம்மா முழங்கால் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தா. நான் வேணாம் வேணாம்னுதான் இருந்தேன். கை சும்மா இருந்தா கண்ணு சும்மா இருக்குமா? ஷெல்ஃப் கிட்டப் போனேன். ஒண்ணு, ரெண்டு, மூணுல அப்பப்பா, கூழு தெரியல, அவ்வளவு புழு, நெளியுது, ஏறுது, இறங்குது, கல்யாண வீடு மாதிரி. ஏழைப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. எட்டு, ஒண்ணுமில்ல. ஒன்பதைக் கையில எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூழு வழவழன்னு, ஒரு கீறல் இல்ல, நேத்து ஊத்தினாப்புல இருக்கு. அந்த மூணு ஆண் ஈயும் பஞ்சு ஓரமா உட்கார்ந்து காலைத் தேய்ச்சுக்கிட்டிருக்கு. உன் முகம் வந்துது. அதுக்குப் பின்னாடி இன்னொரு முகமும் வந்துது, அதை அப்புறம் சொல்றேன். ஒரு நல்ல ஆணை ஒண்ணாம் வரிசையிலேர்ந்து எடுத்து இங்க விட்டா என்ன, ஊருல யாருக்குத் தெரியப் போகுதுன்னு தோணிச்சு. தோணினது தப்பு. தோணினதோட நிக்காம செஞ்சது மகா தப்பு.

முதல்ல ரெண்டாம் குப்பியோட பஞ்சை லேசா விலக்கினேன், ஒண்ணே ஒண்ணு வெளியே வந்தாப் போதும்னு. எட்டுப் பேரும் குடும்பத்தோட கிளம்பி வந்துட்டாங்க. ரெண்டு பேர் டியூப்லைட்டுக்கு, மூணு பேர் வாழைப்பழத்துக்கு, மிச்சம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சரி, பறக்கிறதைப் பிடிக்க முடியாது, மயங்க வெச்சாத்தான் வழின்னு ஒண்ணாம் குப்பியைத் தூக்கி ஃப்ரீசர்ல பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்துல வெச்சேன். ரெண்டு நிமிஷம்னு மனசுல கணக்கு. அந்த நேரம் பார்த்துக் காலிங் பெல். கணக்கு வாத்தியார்! பேப்பர் வாங்கிட்டுப் போக வந்தவர் உட்கார்ந்துட்டார். உட்கார்ந்தவருக்குக் காபி கொடுக்காம இருக்க முடியுமா? கொடுத்தேன். அந்தக் காபியில உன் ரெண்டாம் குப்பி ஆள் ஒருத்தர் போய் விழுந்தார். வாத்தியார் அதை விரலால எடுத்துப் பார்த்துட்டு, "என்ன சார் இது, ஈக்கு மருந்து கண்டுபிடிக்கிற வீட்டுலயே ஈயா?"ன்னார். "சோதனைக்கு ஈ வேணும்ல சார்"ன்னேன். "அப்ப மருந்து இன்னும் வேலை செய்யலையா?"ன்னார். "இப்பத்தான் ஆரம்பம்"னேன். அவர் அந்தக் காபியைக் குடிக்கவும் இல்ல, எழுந்து போகவும் இல்ல. பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. ஃப்ரீசர் பக்கம் என் கண்ணு போறதைப் பார்த்துட்டு, "உள்ள ஐஸ்கிரீம் ஏதாவது இருக்கா?"ன்னு வேற கேட்டார்.

அவர் போனதும் ஓடிப்போய்த் திறந்து ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டினேன். எட்டும் மல்லாந்து கிடக்கு. கொன்னுட்டேன்னு நினைச்சேன். அந்தத் தட்டு முன்னால நாற்காலியில உட்கார்ந்து, அறுபத்தாறு வயசு மனுஷன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்ப ஒரு கால் அசைஞ்சுது. இன்னொண்ணு. வேலையில இருந்தப்போ படிக்கல் முத்திரையைப் பார்க்க வெச்சிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வந்தேன். நீ சொல்லிக் கேட்டிருக்கேன், ஆண் உருவத்துல சின்னது, பின்பக்கம் கறுப்பு, முன்னங்கால்ல சீப்பு மாதிரி ஒண்ணு இருக்கும்னு. மூணு பேர் தேறினாங்க. தூக்கி விட மயிலிறகு மாதிரி நீ ஒரு தூரிகை வெச்சிருப்பியே, அது கிடைக்கல. என் ஷேவிங் பிரஷ்தான் கிடைச்சுது. அதுல ஒருத்தரை ஏத்தி ஏழுல விட்டேன். "போடா ராசா, நல்லா இரு"ன்னேன், வாய்விட்டே சொன்னேன். அடுத்தவர் எட்டு, அடுத்தவர் ஒன்பது. எந்தப் பொண்ணு வீட்டுக்கும் இவ்வளவு வேகமா யாரும் மாப்பிள்ளை பார்த்திருக்க மாட்டாங்க. மிச்சம் அஞ்சு பொம்பளை ஈயையும் ஒண்ணாம் குப்பியிலேயே திருப்பிப் போட்டேன். நாலு, அஞ்சு, ஆறை நான் தொடல. அதுங்களுக்கு வரக் கூடாதுன்னு நீ சொல்லியிருந்தே. அதுவும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது, ஆனா உன் பேச்சை மீறக் கூடாதுன்னு ஒரு நேர்மை. என் நேர்மையைப் பாரு!

திங்கட்கிழமை நீ வந்தே. பையைக்கூடக் கீழ வெக்கல. நீயும் அம்மாவும் உள் அறையில கதவைச் சாத்திக்கிட்டுக் குப்பிகளைப் பார்த்தீங்க. நான் வெளியே செருப்பை அடுக்கிக்கிட்டிருந்தேன், மூணே ஜோடி செருப்பை நாலு தடவை. ஒரு கூச்சல்! "அப்பா, மூணுலயும் பிள்ளைங்க! மூணுலயும்!" வெளியே ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினே, முழங்கால் வலிக்காரியைப் பிடிச்சு ஒரு சுத்து சுத்தினே, கைடு அம்மாவுக்குப் போன் போட்டே, அந்தம்மா அந்தப் பக்கம் அழுத சத்தம் எனக்கே கேட்டுது. நீயும் அழுதே. அப்புறம் என்னைப் பார்த்து, "இந்த அறையில வெச்சதுதான் ராசிப்பா"ன்னே. நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் எனக்கு என் மூஞ்சியைக் கண்ணாடியில பார்க்கப் பிடிக்கல. நாலு நாளா ஷேவ் பண்ணல. அந்தப் பிரஷைத் தொடவும் முடியல.

நான் எடை அளவு ஆய்வாளரா முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். தராசுத் தட்டுக்கு அடியில புளியை ஒட்டினவன், படிக்கல்லு அடியைக் குடைஞ்சவன், நிறுக்கும்போது கட்டைவிரலை வெச்சவன், எத்தனை பேரைப் பிடிச்சு, "உனக்கு மனசாட்சி இல்லையா?"ன்னு கடை வாசல்ல நாலு பேர் பார்க்கக் கேட்டிருக்கேன். கடைசியில என் பொண்ணு அஞ்சு வருஷமாப் பிடிச்சுக்கிட்டிருந்த தராசுல கட்டைவிரலை வெச்சது நான். நீ மேடை ஏறின பிறகு வேற ஒருத்தன் அதே சோதனையைச் செஞ்சு பார்த்து, வரலையேன்னு கேட்டா, பொய் சொன்னவன்னு யாரைச் சொல்லுவாங்க? உன்னைத்தான். அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.

ஏன்பா இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்பே. அதையும் எழுதிடறேன். இவ்வளவு எழுதினவனுக்கு இதுல என்ன மானம். இன்னொரு முகம் வந்துதுன்னேன்ல, அது உங்கம்மா முகம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சுப் பிறந்தவ நீ. அந்த எட்டு வருஷமும் குறை உங்கம்மாகிட்டன்னுதான் ஊர் உலகம் பேசிச்சு. நாலாவது வருஷம் அவளுக்கு எல்லாப் பரிசோதனையும் செஞ்சு பார்த்துட்டு, இவங்களுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. நான் யாருக்கும் சொல்லாம பஸ் ஏறி வேற ஊருக்குப் போனேன். அங்க என் பேரைக் கொடுக்க வெட்கப்பட்டு என் மேலதிகாரி பேரைக் கொடுத்தேன். எண்ணிக்கை குறைவு, அசைவு குறைவுன்னு சீட்டு வந்துது. எதோட எண்ணிக்கைன்னு எழுதினா என்ன? விந்தணு. எழுதிட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா எழுதறேன்.

அந்தச் சீட்டைக் கொண்டுவந்து படிக்கல் வெச்சிருந்த மரப்பெட்டியில, அஞ்சு கிலோ கல்லுக்கு அடியில வெச்சேன். உங்கம்மாகிட்ட, "எனக்கு எல்லாம் சரியா இருக்காம்"னேன். அவ, "அப்பச் சரி"ன்னா. வைத்தியம் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொன்னதை மூணு வருஷம் தள்ளிப் போட்டேன், அந்த வரிசையில உட்கார்ந்தா எவனாவது கடைக்காரன் பார்த்துடுவானேன்னு. அந்த மூணு வருஷத்துல ஒருநாள் உன் பெரிய அத்தை வீட்டுக்குப் புதுக் குழந்தையைப் பார்க்கப் போனோம். உங்கம்மா ரெண்டு கையையும் நீட்டினா. என் அக்கா, "நீ வேணாம்மா, உன் கையில கொடுத்தா அழும்"னு சொல்லி, குழந்தையை அடுத்து நின்னவ கையில கொடுத்துட்டா. நீட்டின கை அப்படியே நின்னுது. அப்புறம் அந்தக் கையால பக்கத்துல இருந்த விரிப்பை இழுத்துச் சரிபண்ணா, அதுக்குத்தான் நீட்டினாப்புல. "குறை என்கிட்டதான் அக்கா", மூணே வார்த்தை. நான் காபி டம்ளரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்கப்புறம்தான் போய் வைத்தியம் ஆரம்பிச்சேன், வாயு மாத்திரைன்னு பொய் சொல்லிப் பதினோரு மாசம் சாப்பிட்டேன். நீ பிறந்தே. பிறந்ததும் எல்லாரும் உங்கம்மாவைத்தான், "ஒருவழியா நீ குணமாயிட்டே"ன்னு வாழ்த்தினாங்க. அப்பவும் நான் வாயைத் திறக்கல. அந்த ஈக்குத் தெரியாதுன்னு நீ பாவப்பட்டே. எனக்குத் தெரிஞ்சிருந்தது கண்ணு.

மூணு குப்பியும் மலடாக் கிடந்ததைப் பார்த்தப்போ, உள்ள இருக்கிற அஞ்சஞ்சு பொண்ணு ஈயைத்தான் என் கண்ணு பார்த்துது. வேற ஒண்ணும் தோணல எனக்கு. இது சமாதானம் இல்ல, நடந்ததைச் சொல்றேன்.

ஆகவே, கைடு அம்மாளிடம் உடனே சொல்லிவிடு. அப்பா ஒரு முட்டாள் என்று சொல், அயோக்கியன் என்றும் சொல், எப்படிச் சொன்னால் உன் பெயர் கெடாதோ அப்படிச் சொல். வேண்டுமானால் நானே வந்து அந்தச் சபையில் நின்று என் வாயால் சொல்கிறேன். முந்நூறு பேர் முன்னால் அந்த வார்த்தையையும் சொல்கிறேன். ஒன்றே ஒன்று. இந்தக் கடைசி விஷயம் உன் தாயாருக்குத் தெரிய வேண்டாம். இந்த வயதில் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

நோய்நொடி இல்லாமல், சொன்ன சொல் பொய்க்காமல், தலைகுனிய வேண்டிய தகப்பன் இருந்தும் தலைநிமிர்ந்து நீ வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். கைடு அம்மாளுக்கு என் வணக்கத்தையும் மன்னிப்பையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: சிட்டு, இது அம்மா எழுதறது. கவர்மேல அட்ரஸ் எழுத உன் கையெழுத்துதான் அழகுன்னு ஒரு புகழ்ச்சியைப் போட்டு என்கிட்டக் கொடுத்துட்டுக் குளிக்கப் போயிருக்கார். ஒட்டின கவர்தான். ஆவியில காட்டினேன், திறந்துடுச்சு. நான் என் ஆயுசுல அடுத்தவங்க கடிதத்தைப் பிரிச்சதில்ல. போன்ல கேட்டிருக்கேன், அது வேலை.

முதல்ல ஈ விஷயம். கைடு அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. நீ சொன்னபடி நாலாம் நாள், அதாவது செவ்வாய்க்கிழமையே, நாலுலேர்ந்து ஒன்பது வரைக்கும் பெரிய ஈயை எல்லாம் அதே நம்பர் போட்ட புதுக் குப்பிக்கு மாத்திட்டேன். புழு இருந்த பழைய குப்பிங்க என் பீரோ மேல செருப்புப் பெட்டியில பத்திரமா இருந்தது. நீ வந்து துள்ளினது அதைப் பார்த்துத்தான். மாத்தறப்போவே எண்ணி நோட்டுல எழுதியிருக்கேன், பாரு. ஏழுல பதினாலு, எட்டுல ஒன்பது, ஒன்பதுல இருபத்திரண்டு. நாலு, அஞ்சு, ஆறுல ஒண்ணுகூட இல்ல. உங்கப்பா புதன்கிழமை மாப்பிள்ளை விட்டது வெறும் புதுக் குப்பியில. நேத்து ஊத்தினாப்புல இருக்காம்! நேத்து ஊத்தினதுதானே? டாக்டர்கிட்டேர்ந்து வந்ததும் பார்த்தேன், பஞ்சு நான் அடைக்கிற மாதிரி இல்ல, ரெண்டுல பெரிய ஈயே இல்ல, ஒண்ணுல ஒரு ஆண்கூட இல்ல, ஏழு, எட்டு, ஒன்பதுல நாலு நாலு ஆண். அவர் ஷேவிங் பிரஷ்ல கூழு. அந்தக் குப்பிங்களுக்குப் பூஞ்சை பிடிச்சுடுச்சு, தூக்கிப் போட்டுடலாம்னு உன்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். உன் சோதனை சுத்தமா இருக்கு. இருபதாம் தேதி தைரியமாப் போய் உட்காரு.

அடுத்தது அந்தச் சீட்டு. அஞ்சு கிலோக் கல்லை நான் தூக்க மாட்டேன்னு நினைச்சிருக்கார். வாரா வாரம் அந்தப் பெட்டியைத் தூசி தட்டினது யாரு? வெச்ச வாரமே பார்த்துட்டேன். மேலதிகாரி பேர் போட்டிருந்தது. அவருக்கு அஞ்சு பிள்ளைங்க. வாயுவுக்குப் பதினோரு மாசம் மாத்திரை சாப்பிட்ட மனுஷனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா? மறந்த நாளெல்லாம் தண்ணியும் மாத்திரையுமா எடுத்து வெச்சது நான்தான்.

உன் பெரிய அத்தை வீட்டுலேர்ந்து திரும்பி வரும்போது, பஸ்ல நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன், என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது, இப்பவாவது சொல்லிடுவார்னு. அவர் டிக்கெட்டை மடிச்சு மடிச்சு நகம் அளவுக்கு ஆக்கிட்டார். வீடு வந்துடுச்சு. அன்னிக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாப் போகல, உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன. கேட்டுடலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு. கேட்டு வாங்கினா அதுக்கு என்ன மதிப்புன்னு விட்டுட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. கடைசியில சொல்லிட்டார், ஆனா என்கிட்ட இல்ல, உன்கிட்ட.

கவரைத் திரும்ப ஒட்டப் போறேன். தண்ணி சத்தம் நின்னுடுச்சு. நான் படிச்சேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். சோதனை சரியாத்தான் இருக்குன்னு எழுது, மனசு ஆறட்டும், ஷேவ் பண்ணட்டும். ஆனா சீட்டு விஷயத்துக்கு மட்டும், "அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா"ன்னு ஒரு வரி எழுது, போதும். மன்னிச்சுட்டேன்னு நீ எழுதிடாத. அது நான் சொல்ல வேண்டியது, அவர் வந்து கேட்கட்டும்.